உத்தரவுக்கு உத்தரவு

காலி நாற்காலியிடம் கைகட்டி நின்று, ஆயுள் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலை பார்த்த மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று அவருக்கே மறந்துவிட்டது. ஊரில் அவரை ‘உத்தரவு’ என்பார்கள். குழந்தைகள் பர்மிய மரியாதையை முன்னால் ஒட்டி ‘ஊ உத்தரவு’ என்பார்கள்.

அவரை நான் பார்த்தது, என் மனைவி மல்லிகாவின் பிறந்த ஊருக்கு முதன்முதலாகப் போனபோது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துத்தான் போனேன். மாமியார் வீட்டு விருந்தை எவனாவது அத்தனை வருஷம் தள்ளிப்போடுவானா? அவள் கூட்டிக்கொண்டு போகவில்லை ஐயா! பேச்சை எடுத்தாலே, “அங்க என்ன இருக்கு, வெய்யில்தான் இருக்கு” என்று முடித்துவிடுவாள். மாமியார் ஊரைவிட்டு நகரவே மாட்டார். போனில் குரல் கேட்டதோடு சரி.

கடைசியில் மாமியாரின் கண்தான் எங்களைக் கிளப்பியது. ஊருக்கு வந்த கண் டாக்டர், வலது கண் போனது போனதுதான், இடது கண்ணை இந்த வியாழக்கிழமை ரங்கூனில் ஆபரேஷன் செய்யாவிட்டால் அதுவும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை ரங்கூனிலிருந்து கியாக்தான் டவுனுக்கு பஸ் ஏறினோம். அங்கிருந்து தெற்கே மூன்று சக்கர வண்டியில் வயல்காட்டு வழியாக ஒரு மணி நேரம். என் இடுப்பு எலும்புகள் ஒன்றுக்கொன்று அறிமுகமானது அன்றைக்குத்தான்.

மல்லிகா பள்ளிக்கூட சயாமா, அதாவது டீச்சரம்மா. ரங்கூனில் எங்கள் பபேடான் பேட்டையில் நடைபாதையை அடைத்து நிறுத்தியிருக்கும் காரை அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், டிரைவர் டீக்கடையிலிருந்து ஓடி வருவான். அப்பேர்ப்பட்டவள், ஊர் எல்லையில் வண்டியிலிருந்து இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

உச்சிவெயில். ஒரு காக்கை சத்தம்கூட இல்லை. நாய்கள் இருந்தன, எழுந்து நின்று எங்களைப் பார்த்தன, ஒன்றுகூடக் குரைக்கவில்லை. வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். யாரும் “வா” என்று சொல்லவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் கையைக் காட்டினார்கள்.

அந்தப் பக்கம் பெரிய வீடு. ஒரு காலத்தில் சுற்று வட்டார வயலுக்கெல்லாம் முதலாளியாக இருந்த ஒரு தமிழரின் வீடு. அவர் கப்பலேறிப் போய் அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கூரையில் பாதி இல்லை. முன்கட்டில் மட்டும் தேக்குத் தூண்களுக்கு நடுவே ஒரு சாய்வு நாற்காலி. வாசலில் வரிசையாக மூன்று தட்டைக் கற்கள். மல்லிகா விறுவிறுவென்று போய் மூன்றாவது கல்லில், கடைசிக் கல்லில், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

“என்ன மல்லிகா, சாமி கும்பிடறியா?”

“ஷ்... சும்மா இருங்க.” அது என் மனைவியின் குரல் இல்லை. பத்து வயதுப் பெண்ணின் குரல்.

நாற்காலிக்குப் பக்கத்தில் அவர் நின்றார். இடுப்பில் பர்மாக் கைலியான லோஞ்சி, அதன் மேல் ஒரே ஒரு பித்தளைப் பொத்தான் மிஞ்சியிருந்த கோட்டு, கக்கத்தில் குடை. எழுபது வயது இருக்கும்.

“யாரு வந்திருக்கறது?”

“நான் மல்லிகா வீட்டுக்காரன். ரங்கூன்.”

“தகப்பனாருக்கு என்ன தொழிலு?”

“மசாலாக் கடை.”

“கடைக்காரங்களா? அப்ப நீங்க முதல் கல்லு. முன்னாடி வாங்க.”

“இவ?”

“அவங்க வயல் ஆளுங்க வீடு. மூணாவது.”

பஸ் கண்டக்டர் சீட்டு நம்பர் சொல்வதுபோல், ஒரு துவேஷமும் இல்லாமல் சொன்னார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, முதல் கல்லின் மேல் கூரை நிழல் விழுந்திருந்தது. ஏறி நின்றுவிட்டேன். அந்த நிழலுக்காக மல்லிகாவிடம் இன்றைக்கும் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

அங்கிருந்துதான் நாற்காலியைச் சரியாகப் பார்த்தேன். துணி புதிது. வருஷா வருஷம் மாற்றுவாராம். ஆனால் ஒரு கனத்த ஆள் சாய்ந்திருப்பதுபோல அது நடுவில் குழிந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த எச்சில் படிக்கம் ஈரமாக இருந்தது. சீக்கிரம் இடத்தைக் காலி செய்வோம் என்று நினைத்து, பெரியவர்களிடம் விடைபெறும்போது எங்கள் வீட்டில் சொல்கிற வார்த்தையைச் சொல்லித் தொலைத்தேன்.

“அப்ப நான் உத்தரவு வாங்கிக்கிறேங்க.”

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டாள்.

“எதுக்கு உத்தரவு?” என்றார் அவர்.

“போறதுக்குத்தான்.”

“யாரு யாரு போறது? எங்க?”

நானும் வெள்ளந்தியாக, மாமியார், ரங்கூன், வியாழக்கிழமை, ஆபரேஷன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் குடையைத் தூணில் சாய்த்துவிட்டுக் குனிந்து, நாற்காலியின் தலைமாட்டில் காதை வைத்தார். கால் மணி நேரம் அப்படியே நின்றார். காற்றும் நின்றுவிட்டது. பிறகு நிமிர்ந்து, “இன்னும் ஆகலே” என்றார்.

“என்ன ஆகலே?”

“உத்தரவு. ஆச்சுன்னா நாற்காலி ஒரு தரம் கிறீச்சுங்கும். ஆகற வரைக்கும் யாரும் ஊரைத் தாண்டக் கூடாது.”

“கேக்காமலே போயிருந்தா?”

“கேக்காம போனவங்க கதை உங்க சம்சாரத்துக்குத் தெரியும்” என்றார் மெதுவாக.

அந்தக் கதை, வீட்டுக்குப் போகும் வழியில் மல்லிகா சொல்லி, அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் டீச்சர் பயிற்சிக்காக மல்லிகா உத்தரவு கேட்காமல் பஸ் ஏறினாள். அன்று மத்தியானமே அவள் அப்பா வயலில் விழுந்து இறந்துபோனார். இறந்தது எனக்குத் தெரியும். மகள் கேட்காமல் போனதுதான் காரணம் என்று ஊரே முடிவு கட்டியிருந்தது தெரியாது. அவளும் அதை நம்பிக்கொண்டு என் பக்கத்திலேயே இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். பாவி மகள்!

வீட்டில் மாமியார் என் முகத்தைக் கையால் தடவிப் பார்த்து, “மாப்பிள்ளைக்கு மூக்கு கொஞ்சம் பெருசுதான்” என்று சந்தோஷப்பட்டார். பயணப் பேச்சை எடுத்ததும் முகம் மாறிவிட்டது.

“உத்தரவு இல்லாம நான் வர மாட்டேன். இவ போனா, அவங்கப்பா போனாரு. நான் போனா இவ போயிடுவா. கண்ணு போனா போகட்டும்.”

மல்லிகா அழுதாள், கெஞ்சினாள், சயாமா குரலில் அதட்டியும் பார்த்தாள். மாமியார் அசையவில்லை.

புதன்கிழமை காலையில் நான் பெரிய வீட்டுக்குச் சண்டைக்கே போனேன்.

“முதலாளியை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“கப்பலேறினப்ப எனக்கு ஏழு வயசு. எங்கப்பாகிட்ட, ‘நான் வர்ற வரைக்கும் பாத்துக்கோ’ன்னு சொல்லிட்டுப் போனாரு. அப்பாவுக்கு அப்புறம் நான் பாத்துக்கறேன்.”

“அவரு செத்தே போயிருப்பாரே!”

“செத்தா என்ன? உத்தரவு போடறதுக்கு உசிரு எதுக்கு?”

“நிலத்தையெல்லாம் கவர்மெண்டு எடுத்து எத்தனை காலமாச்சு?”

“நிலத்தை எடுத்தாங்க. கல்லை எடுக்கலியே” என்றார்.

அப்புறம் நாற்காலியின் கைப்பிடியில் ஒரு டம்ளர் காப்பியை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். அந்தக் காப்பியை எவன் குடிக்கிறான் பார்த்துவிடுவது என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன தும்மல் ஒன்று வந்தது. தும்மி நிமிர்ந்து பார்த்தால் டம்ளரில் பாதிதான் இருந்தது. அங்கிருந்து நான் நடந்து வந்தேன் என்றுதான் மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மத்தியானம் மூன்று மணிக்குள் கிளம்பினால்தான் கியாக்தானில் கடைசி பஸ். இரண்டரைக்கு மல்லிகா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மூன்றாவது கல்லில் நிறுத்தினாள். இந்தத் தடவை நானும் அங்கேயே நின்றேன். வெயிலில் கல் கொதித்தது.

“ஐயா, எங்கம்மாவுக்கு இருக்கறது ஒரு கண்ணுதான். கேட்டுச் சொல்லுங்க” என்றாள்.

உத்தரவு குனிந்து காதை வைத்தார். ஊர் முழுக்க வந்து அவரவர் கல்லுக்குப் பின்னால் நின்றது. ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் கழுத்து நரம்பு புடைத்து, காதோரம் வேர்வை வழிந்தது. நிமிர்ந்தபோது அவர் முகத்தில் பயம் இருந்தது. நாற்காலியைப் பார்க்காமல் சொன்னார்.

“உத்தரவு ஆச்சு.”

மாமியார் அசையாமல் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மல்லிகா, உனக்கும் அன்னிக்கே ஆச்சும்மா. சொல்லத்தான் ஓடி வந்தேன். பஸ் கிளம்பிடுச்சு.”

“அன்னிக்கேவா?” என்றாள் மல்லிகா.

“அன்னிக்கே.”

“அப்ப எங்கப்பா...”

“அது வெய்யிலும்மா.”

கொதிக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்து மல்லிகா கதறினாள். பன்னிரண்டு வருஷத்து அழுகை. மாமியார்தான், “எந்திரி, பஸ் போயிடப் போவுது” என்று அவளைத் தூக்கினார்.

கண் பிழைத்தது. கட்டுப் பிரித்த அன்று மாமியார் என்னைப் பார்த்து, “நான் தடவினதைவிடப் பெருசா இருக்கே மூக்கு” என்றார்.

எட்டு மாதம் கழித்துப் போன் வந்தது. உத்தரவு போய்விட்டார். ஊரில் புதுச் சிக்கல். சாவு எடுப்பதென்றாலும் பெரிய வீட்டில் கேட்டாக வேண்டும். கேட்டுச் சொல்கிறவரே பாயில் கிடந்தால் யார் கேட்பது? ரங்கூனில் எங்களோடேயே தங்கிவிட்ட மாமியாரையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவரை நாற்காலிக்குக் கீழே கோட்டோடு கிடத்தியிருந்தார்கள். கல்லுக்குப் பின்னால் ஊர் வரிசையாக நின்றது. கையில் போன் வைத்திருந்த இளவட்டங்கள்கூட நின்றார்கள். அவர்கள் பேசுவதெல்லாம் பர்மிய மொழிதான். தமிழில் அவர்கள் சுத்தமாகச் சொன்ன ஒரே வார்த்தை ‘உத்தரவு’.

மல்லிகா மூன்றாவது கல்லில் நிற்கவில்லை. செருப்புக் காலோடு மூன்றையும் தாண்டி முன்கட்டில் ஏறினாள். கூட்டம் மூச்சை இழுத்தது. அவள் குனிந்து நாற்காலியில் காதை வைத்தாள்.

“உத்தரவு ஆச்சு. தூக்குங்க.”

நாலு பேர் அவரைத் தூக்கினார்கள். அப்போதுதான் நாற்காலி ஒரு தரம் கிறீச்சென்றது. குழிந்து கிடந்த துணி, யாரோ எழுந்து போவதுபோல, மெல்ல மேலே வந்து மட்டமாக நின்றது. நான் பார்த்தேன். என்னைத் தவிர நாற்பது பேர் பார்த்தார்கள். வாசலில் நாய்கள் ஒரே சமயத்தில் குரைக்க ஆரம்பித்தன.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். “காதுல என்ன கேட்டுச்சு?”

“ஒண்ணும் கேக்கலே. நானாத்தான் சொன்னேன்.”

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வயலையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மாமியார் திரும்பினார். “அன்னிக்கு எனக்கு உத்தரவு ஆச்சுன்னு அவரும் அவராத்தான் சொன்னாரு. நாற்காலி கிறீச்சுங்கவே இல்லியே. எனக்குக் கண்ணுதான் மங்கல், காது நல்லாத்தான் இருந்துச்சு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “தெரிஞ்சுமா எங்களோட கிளம்பி வந்தீங்க?”

மாமியார் ஒற்றைக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவரு சொன்னா போதாதா, மாப்பிள்ளை?”