வால் வைத்த சட்டை

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவன் வணக்கத்தோடு எழுதச் சொல்வது. இங்கே என் இடது கட்டைவிரலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் தையல் கடையும் கத்தரிக்கோலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எனக்கு எழுத்து வராது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது உங்கள் மகள், என் மருமகள். ஒரு வார்த்தையைக்கூட மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். (அப்பா, எல்லாம் மாமா சொல்றதுதான். என் மேல கோபப்படாதீங்க.)

விஷயம் என்னவென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோவில் நம் பேத்தி குட்டியைப் படம் எடுக்கும்போது அவள் போட்டிருக்கப்போவது நீங்கள் தைத்துக் கொண்டுவரும் கவுன் அல்ல. நான் தைத்த சட்டை. ஆமாம், நானேதான். தண்ணீர் குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

உங்களுக்கு மறந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் எதையும் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடலாம்; எனக்கு அந்த வசதி கிடையாது. குட்டி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் கோடு போட்ட சட்டை போட்டிருந்தீர்கள், கையில் பாதி கடித்த பன் இருந்தது. நர்ஸ் குழந்தையைக் கொடுத்தாள், நான் வாங்கின வாக்கில் தோளில் சாய்த்துக்கொண்டேன். உடனே நீங்கள், "மெதுவா சம்பந்தி, மெதுவா! அது அரிசி மூட்டை இல்ல" என்றீர்கள். நர்ஸ் சிரித்தாள். என் மகன் சிரித்தான். என் வீட்டுக்காரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அதுகூடப் போகட்டும். காலமெல்லாம் கிடங்கில் மூட்டைக்கு வாய் தைத்தவன் நான், மூட்டை என்றால் எனக்கு ரோஷம் வராது. ஆனால் அடுத்ததாக என்ன சொன்னீர்கள்? "பேத்திக்குத் துணிமணியெல்லாம் என் பொறுப்பு. நீங்க சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருங்க." சும்மா உட்கார்ந்து! அந்தச் 'சும்மா' இன்றுவரை என் காதில் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்காகத்தான் ஊசியை எடுத்தேன்.

துணிக்கு எங்கேயும் போகவில்லை, என் படுக்கை விரிப்பில் நடுப்பகுதிதான் தேய்ந்து தேய்ந்து மெத்தென்று இருந்தது, குழந்தை உடம்புக்கு அதுதான் நல்லது என்று நடுவில் வெட்டினேன், அதை உதறி விரித்த என் வீட்டுக்காரி அந்த ஓட்டை வழியாகவே தலையை நீட்டி, "இந்தாங்க, படுக்கைக்கு எதுக்கு ஜன்னல்?" என்று கேட்டாள், நான் டம்ளரைத் தேடப் போய்விட்டேன், வேலையில் இருக்கிறவன் வாய் கொடுக்கக் கூடாது. கழுத்துக்கு அளவு எடுக்க காபி டம்ளரைக் கவிழ்த்து வட்டம் போட்டேன், குட்டியின் கழுத்துக்கு அது அச்சாகப் பொருந்தும், ஆனால் கழுத்துக்குப் போவதற்கு முன்னால் தலை என்று ஒன்று இருப்பதை யாரும் எனக்கு நினைவுபடுத்தவில்லை, அதிலும் அந்தத் தலை உங்கள் குடும்பத்துத் தலை. (மாமா இதையும் எழுதச் சொல்றார்ப்பா.) அதனால் முன்பக்கம் முழுக்கத் திறந்துவிட்டேன், காற்றோட்டம். பிறகு ஊசி. உங்கள் ஊசியெல்லாம் ஊசியா, மீன் முள்! என் கை கோணி ஊசிக்குப் பழகின கை, அந்த முள் என் விரலுக்குள் எப்போது போகிறது துணிக்குள் எப்போது போகிறது என்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் ஒரு வழியாகத் தைத்து முடித்தேன் என்று எழுந்தால் சட்டையும் கூடவே எழுந்தது, என் கைலியோடு சேர்த்துத் தைத்திருந்தேன், அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் வந்து, "அய்யா, குழந்தைச் சட்டையை ஏன் இடுப்பில மாட்டியிருக்கீங்க?" என்கிறார், "காயவைக்கிறேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

ஒரு கை நீளம், ஒரு கை குட்டை என்று என் மகன் குறை சொல்கிறான். குட்டி எப்போதும் வலது கையைத்தான் வாயில் வைக்கிறாள். நனையாமல் இருக்க வலது கை குட்டை. இப்படியெல்லாம் யோசித்து நீங்கள் எப்போதாவது தைத்ததுண்டா? கல்யாணத்தன்று நீங்கள் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு என் மகன் கார் கதவைத் திறக்கக் கையை நீட்டினான். அக்குளில் டர்ரென்று கிழிந்தது. நான் ஏதாவது சொன்னேனா? "வெயில் காலம்தானே" என்றேன். அவ்வளவுதான்.

என் தையல் பிரியாது. கிடங்குத் தையல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி, அதற்குள் அடுத்தது, முழுச் சட்டையும் ஒரே நூல், நடுவில் முறிவே இல்லை. முடிவில் சுருக்கு முடிச்சு போட்டு, ஒரு சாண் நூலை வாலாகத் தொங்கவிட்டிருக்கிறேன். உங்கள் மகள் கத்தரிக்கோலோடு வந்து, "மாமா, இந்த நூல் அசிங்கமா தொங்குதே, வெட்டிடவா?" என்றாள். "தொட்டே பாரு" என்றேன். வால் இல்லாத மூட்டையை எங்கள் மேஸ்திரி வண்டியில் ஏற்றவே விடமாட்டார். மூட்டையைப் பிரிக்கிறவன் அந்த வாலைப் பிடித்துத்தான் இழுப்பான். அது தொழில் மரியாதை.

சட்டை இப்போது குட்டியின் உடம்பில்தான் இருக்கிறது. பக்கத்தில் பாயில் படுத்துக்கொண்டு என்னையே இன்ஸ்பெக்டர் மாதிரி முறைக்கிறாள். போன தடவை நீங்கள் வந்து குயில் மாதிரி கூவி, நாய் மாதிரி குரைத்து, கடைசியில் அளவெடுக்கிற டேப்பைத் தலையில் சுற்றிக்கொண்டு ஆடியும் அவள் சிரிக்கவில்லை. இதுவரை என்னைப் பார்த்தும் வாய்விட்டுச் சிரித்ததில்லை, அதில் நாம் இருவரும் சமம். ஆனால் படத்தில் என் சட்டைதான். இதில் மாற்றம் கிடையாது. கவுனை மடித்து உள்ளே வையுங்கள்.

சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி குறையட்டும். கடையில் கூட்டம் நிறையட்டும். உங்கள் கைக்கு நடுக்கம் வராமல் இருக்கட்டும் என்று, கோபம் இருந்தாலும், வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
குட்டியின் இன்னொரு தாத்தா
(கட்டைவிரல் ரேகை. கறை மை இல்லை, ரத்தம். பயப்பட வேண்டாம்.)

பின்குறிப்பு: உங்கள் மகள் கடிதத்தை மடிக்கப் போன நேரத்தில் குட்டி அந்த வாலைப் பிடித்துவிட்டாள். பிடித்தவள் இழுத்தாள். தர்ர்ர்ரென்று முதலில் குட்டைக் கை போனது, பிறகு நீளக் கை, பிறகு தோள், பிறகு முதுகு. நான் எழுந்து போவதற்குள் சட்டை ஐந்தாறு துண்டாகப் பாயில் கிடந்தது, நடுவில் பிறந்த கோலத்தில் குட்டி. "வாழைப்பழம் மாதிரி உரிச்சுக்கிட்டாளே!" என்று என் வீட்டுக்காரி கத்தினாள். குட்டி கையிலிருந்த நூலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். புன்னகை இல்லை சம்பந்தி, சிரிப்பு. வயிறு குலுங்க, விக்கல் வருகிற வரைக்கும். (உண்மைதான்ப்பா. அவளுக்கு இன்னும் விக்கல் நிக்கல.)

ஆகவே மேலே சொன்னதையெல்லாம் அடித்துவிடுங்கள். படத்துக்கு உங்கள் கவுனையே கொண்டுவாருங்கள். நான் தோற்றுவிட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வெட்டி மிஞ்சின துண்டுத் துணிகள் கடையில் இருக்குமே, அவற்றை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடுங்கள். மறுபடியும் தைக்கிறேன். அதே தையல், அதே வால். இந்தத் தடவை அவள் இழுக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள்.