வலது குழியில் ஒன்றரை லிட்டர்

அன்பும் பொறுமையும் உள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே உடம்புக்கு எல்லோரும் நலம், மனசுக்கு ஒருவரும் நலமில்லை. உங்களுக்கு இரண்டும் நன்றாக இருக்க வேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

முதலில் அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்பதை வரிசையாக எழுதிவிடுகிறேன். பின்னால் ஒருவரும் நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று நழுவக் கூடாது. நம் புல்டோசரின் வயிற்றுக்கு அடியில் இருக்கும் திருகைக் கழற்றி எண்ணெய் கொட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு நம் கொட்டகையில் இருந்தவர்கள்: சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த நீங்கள், பக்கத்தில் குந்தியிருந்த உங்கள் அண்ணன், எந்த வேலையைக் கேட்டாலும் ‘அரை மணி நேரம்’ என்று சொல்லிச் சொல்லியே அரைமணி என்று பேர் வாங்கிய மெக்கானிக், இடிந்துபோன சுற்றுச்சுவருக்கு நியாயம் கேட்க அளவு டேப்போடு வந்திருந்த பக்கத்து வீட்டு ரிட்டயர்டு சர்வேயர், கதவோரம் டீ கெட்டிலோடு நான். ஆக மொத்தம் ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் குற்றவாளி ஒருவர். அது நீங்கள் இல்லை, தம்பி.

இனி முதலிலிருந்து சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் எனக்குத் தைரியம் போய்விடும், அதனால் மூச்சு விடாமல் எழுதுகிறேன், நீங்களும் மூச்சு விடாமல் படித்துவிடுங்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் கரை மண் தள்ளும் வேலையைப் பேசி முடிக்கப் போயிருந்தீர்கள். வண்டியின் சீட்டு கிழிந்து கம்பி வெளியே வந்து உங்கள் கால்சட்டையை இரண்டு முறை பதம் பார்த்துவிட்டதே என்று, அதைக் கழற்றித் தைக்கலாம் என ஏறினேன். சீட்டைத் தூக்கினால் அடியில் வலது பக்கம் ஒரு தகர மூடி, இரண்டு போல்ட்டு. மூடி என்று ஒன்றைக் கண்டால் திறந்து பார்க்காமல் என்னால் இருக்க முடியாது, சமையலறையில் வந்த பழக்கம். திறந்தேன். உள்ளே வட்ட வட்டமாகத் தட்டுகளை அடுக்கிவைத்த மாதிரி ஒரு குழி. விரலை விட்டுப் பார்த்தேன். பொட்டு ஈரம் இல்லை, தூசிதான் வந்தது. எனக்கு மனசு பதறிவிட்டது. நான் பள்ளிக்கூடம் போகாதவள், சாமான் கட்டி வந்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படிக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு வியாதி உண்டு தம்பி, எதைப் பார்த்தாலும் இது நமக்குத் தெரிந்ததுதான் என்று தோன்றிவிடும். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிறேன், கதவுக் கீலுக்கு விடுகிறேன், இரும்பு என்றால் எண்ணெய் கேட்கும், இந்த ஆம்பளைகள் ஓட்டுவதோடு சரி, உள்ளே பார்ப்பதே இல்லை என்று நினைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்த என்ஜின் ஆயில் டின்னை எடுத்துவந்து ஊற்றினேன். சும்மா ஊற்றவில்லை. ஓட்டுகிறவர்கள் உயிருக்கு ஒரு ஆபத்தும் வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டே ஊற்றினேன். வேண்டுதல் பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, சுவருக்குத்தான் ஆனது. இடது பக்கத்திலும் அதே மாதிரி ஒரு மூடி இருந்தது, அதற்கும் ஊற்றியிருப்பேன், டின்னில் ஆயில் தீர்ந்துவிட்டது. இடது பக்கம் தப்பியது என் நல்ல மனசால் இல்லை.

திங்கட்கிழமை நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மேலே உட்கார்ந்திருந்தவர் நீங்கள். வலது பக்கச் செயின் பலமில்லாமல் வழுக்க, இடது பக்கம் மட்டும் முழுப் பலத்தோடு தள்ள, நீங்கள் நேராகப் போக எவ்வளவு மன்றாடியும் வண்டி வலப்பக்கமே திரும்பிப் போய்ச் சர்வேயர் சுவரை அணைத்துக்கொண்டது. மனுஷன் ஓடி வந்து முதலில் உங்களுக்கு அடிபட்டதா என்றுகூடக் கேட்கவில்லை, டேப்பை இழுத்து “இருபத்தேழு அடி நாலு அங்குலம்!” என்று கத்தினார்.

மறுநாள் அந்தத் திருகைக் கழற்றினீர்கள். கொடகொடவென்று எண்ணெய். அப்போது பேசியதை ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன், எனக்கு ராத்திரி பகல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் அண்ணன், “போன வருஷம் உள்ள சீல் மாத்துனது யாருடா?” என்றார். நீங்கள், “நான்தாண்ணே” என்றீர்கள். “அப்ப கியர் பக்கத்து எண்ணெய் இங்க எப்படிடா வந்துச்சு? மேலேர்ந்து ஊத்துனுச்சா?” என்றார். (மேலேயிருந்துதான் ஊற்றியது, தம்பி. ஊற்றியவள் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.) அரைமணி வெற்றிலைக்காரர் மாதிரி வாயை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “இந்த கிளச் வறண்டு இருக்கணும்ங்க, எண்ணெய் பட்டா பிடிக்காது, வழுக்கும். கியர் எண்ணெயைத் தடுக்கிற சீல் போயிருக்கும். பிரிச்சா அரை மணி நேரம்” என்றார். சர்வேயர், “கத்துக்குட்டி கையில ஸ்பானரைக் குடுத்தா இப்படித்தான் சார், நான் அன்னிக்கே நினைச்சேன்” என்றார். அவர் என்றைக்கு நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, முகமெல்லாம் எண்ணெயோடு, “அண்ணே, நான் மாட்டுன சீல் ஒழுகாது. சத்தியமா சொல்றேன்” என்றீர்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். ஐந்து பேரில் பேசாமல் இருந்தது நான் ஒருத்திதான், அப்படியே இருந்திருக்கலாம். “சத்தியமெல்லாம் பண்ணாதீங்க தம்பி. தப்பு மனுஷனுக்கு வர்றதுதான். ஒத்துக்கிட்டா கடவுள் மன்னிச்சிருவாரு” என்று சொன்னேன். ஏதோ நல்லது சொல்கிற நினைப்பு. கிளச் வறண்டு இருக்க வேண்டும் என்று அரைமணி சொன்னதைக் காதால் கேட்டு, பெரிய மேதாவி மாதிரி தலையை வேறு ஆட்டினேன். சத்தியமாக, இப்போது நான் சத்தியம் பண்ணுகிறேன், கிளச் என்றால் காலுக்குக் கீழே மிதிக்கிற கட்டை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நான் ஊற்றியது குழியில். குழிக்கும் கிளச்சுக்கும் என்ன உறவு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நீங்கள் ஸ்பானர் பெட்டியைத் திறந்தீர்கள். ஸ்பானர் ஒவ்வொன்றையும் துடைத்து, சின்னது பெரியது பார்த்து வரிசையாகப் பெட்டியில் வைத்துவிட்டு, “டீ வேணாம் அண்ணி” என்று சொல்லிப் போனீர்கள். நான் இந்த வீட்டுக்கு வந்து பதினாலு வருஷத்தில் என் கையால் கொடுத்து நீங்கள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மறுநாள் விடியும்போது உங்கள் பெட்டியும் இல்லை, செருப்பும் இல்லை.

அரை மணி நேர வேலை பதினோரு நாள் நடந்தது. டீசல் டாங்கியைக் கழற்றினார்கள், சீட்டைக் கழற்றினார்கள், உள்ளேயிருந்து அந்தத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். நான் எண்ணி எழுதி வைத்தேன், பதினேழு; அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மண்ணெண்ணெயில் கழுவியும் பிசுக்கு போகவில்லை என்று, விசேஷத்துக்கு எடுக்கும் என் பெரிய அண்டாவில் சோடா உப்பு போட்டுக் கொதிக்க வைத்தார்கள். அண்டா இப்போது கொட்டகையில்தான் இருக்கிறது, வீட்டுக்குள் எடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டி முடித்த பிறகு ஒரு போல்ட்டு மிச்சம். அரைமணி தலையில் கை வைத்து உட்கார்ந்து, மறுபடி எல்லாவற்றையும் பிரித்து, ஒன்றரை நாள் தேடி, எங்கேயும் குறைவில்லை என்று கண்டார். அது என் தையல் மெஷின் போல்ட்டு. அதைச் சொல்லவும் எனக்கு ஒன்றரை நாள் ஆனது.

ஐந்தாம் நாள் சீலைக் கழற்றினார்கள். அரைமணி அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை எதுக்குங்க கழட்டச் சொன்னீங்க? இன்னும் பத்து வருஷம் ஓடும். மாட்டுன கையைக் கண்ணுல ஒத்திக்கலாம்” என்றார். உங்கள் அண்ணன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு எங்கேயோ சுருக்கென்றது, எங்கே என்று தெரியவில்லை. கடைசி நாள் பேரிங்குக்குத் தடவ என்ஜின் ஆயில் கேட்டார்கள். டின்னை எடுத்தால் காலி. ஒன்றரை லிட்டர் இருந்ததே, யார் எடுத்தது என்று, ஊற்றியதே மறந்துபோய், அரைமணியிடம் சண்டைக்கே போனேன். அவர் பாவம், “நான் தொடவே இல்லம்மா” என்கிறார். “என் கணக்கு ஒருநாளும் தப்பாது” என்று வீட்டுக்குள் போய், எது எதற்கு எவ்வளவு செலவானது என்று நான் எழுதுகிற நோட்டை எடுத்து வந்து, அவர் முன்னாலேயே விரித்தேன். என் கையெழுத்தில் இருந்தது: ‘சனிக்கிழமை. வண்டி, வலது குழி, ஒன்றரை லிட்டர். காய்ந்து கிடந்தது. பாவம்.’

நோட்டை மூடிவிட்டேன். “கணக்கு சரியா இருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

இது நடந்து ஒன்பது நாள் ஆகிறது. கடவுளிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் மன்னித்த மாதிரிதான் தெரிகிறது, ஆனால் கெட்ட பேர் வாங்கியது அவர் இல்லையே. உங்கள் அண்ணனிடம் மூன்று முறை சொல்லப் போனேன். ஒரு முறை “இந்த எண்ணெய் விஷயம்” என்று ஆரம்பித்தேன், அவர் எழுந்து போய், ஒருநாளும் மாட்டாத கதவுக் கொக்கியை மாட்டினார். இன்னொரு முறை ஆரம்பித்தேன், தும்மினார். மூன்றாம் முறை நானே ‘குழம்புக்கு உப்பு போதுமா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இதற்குள் கல் ஏற்றும் லாரி டிரைவர் வந்து, நீங்கள் சேர்ந்திருக்கும் குவாரியில் உங்களை ஸ்பானரைத் தொடவே விடுவதில்லை, சீலைத் தப்பாக மாட்டி சுவரை இடித்தவன் என்ற பேச்சு உங்களுக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, வாசலில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறீர்கள் என்று சொன்னார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை வருஷம் கையில் கிரீஸோடு நின்று கற்றுக்கொண்ட வேலை. அந்தக் கையில் பேனாவைக் கொடுத்து உட்கார வைத்தது என் எண்ணெய்தான்.

ஆகவே தம்பி, இந்தக் கடிதத்தை உங்கள் மேஸ்திரியிடம் காட்டுங்கள். சீல் நன்றாக இருந்தது, மாட்டிய கை நல்ல கை, எண்ணெய் ஊற்றியது அண்ணி என்று நானே எழுதித் தருகிறேன். தேவைப்பட்டால் நோட்டின் அந்தப் பக்கத்தையும் கிழித்து அனுப்புகிறேன், என் வாழ்க்கையில் நோட்டைக் கிழித்ததில்லை. உங்கள் அண்ணனுக்கு மட்டும் இப்போதைக்குத் தெரிய வேண்டாம். அவருக்கு என் மேல் மரியாதை இருக்கிறது, அது போய்விடுமே என்று பயம். நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். அன்றைக்குக் கடவுள் பேரைச் சொல்லி உங்களுக்குப் புத்தி சொன்னதற்கு நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும். அவர் பேரை நான் அப்படி எடுத்திருக்கக் கூடாது.

நீங்கள் நோய்நொடி இல்லாமல், கைக்கு ஏற்ற வேலையோடு, நாலு பேர் மதிக்க இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கும்,

உங்கள் அண்ணி

பின்குறிப்பு: கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, ஒட்டுவதற்கு முன் பிரார்த்தனையை முடித்துவிடலாம் என்று உள்ளே போனேன். திரும்பி வந்தால் உங்கள் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருக்கிறார். அவர் நிதானமாகக் கடைசிவரை படித்துவிட்டு, “எனக்கு அன்னிக்கு சாயந்திரமே தெரியும்” என்றார்.

“என்னது?”

“கியர் ஆயில்னா நாத்தம் குடலைப் புடுங்கும். வண்டிக்கு அடியில வச்ச தட்டுல வடிஞ்சதைத் தொட்டு மோந்து பாத்தேன். நம்ம அலமாரி டின்னு ஆயிலு. அதை மேலேர்ந்து ஊத்துற ஆளு இந்த வீட்டுல ஒரே ஆளு.”

“தெரிஞ்சுகிட்டே அந்தப் பிள்ளையை ஏன் திட்டுனீங்க?”

“திட்டுனப்ப தெரியாது. திட்டி முடிச்சப்புறம்தான் மோந்தேன்” என்றார். “காலையில அவன்கிட்ட சமாதானமா பேசிக்கலாம்னு படுத்தேன். எந்திரிச்சா பெட்டி இல்ல. உன்கிட்ட கேட்டா நீ மனசு ஒடைஞ்சு படுத்துருவ. அதான் நல்லா இருந்த சீலைக் கழட்டச் சொன்னேன். அரைமணி வாயாலயே அவன் வேலை சுத்தம்னு வரட்டும், சர்வேயர் கேட்டுட்டு ஊருக்கெல்லாம் சொல்லட்டும்னு. அந்தாளு அன்னிக்குன்னு பாத்து வரல.”

ஆக, நான் அவருக்குத் தெரியக் கூடாது என்று ஒன்பது நாளும், அவர் எனக்குத் தெரியக் கூடாது என்று இருபது நாளும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறோம். நடுவில் உங்களைத்தான் விட்டுவிட்டோம். மேலே நான் எழுதிய ரகசியத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன், கடிதத்தைக் காட்டினால் போதாது, நானே போய் அந்த மேஸ்திரி முன்னால் என் வாயால் சொல்கிறேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்குச் சட்டைகூடத் துவைத்தாயிற்று. ஆனால் நீங்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் திருப்பி அனுப்பிவிடுவீர்களோ என்று பயப்படுகிறார், அதை என்னிடம் சொல்லாமல் பஸ் நேரத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். வரலாமா, வேண்டாமா, ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வேண்டாம், உங்கள் அண்ணன் பேருக்கே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து சேரும்படி சீக்கிரம் எழுதுங்கள்.