பேரை மாத்தினாப் போதும்

பிரிண்டர் வைத்தியர் என்றொரு இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பிரிண்டர் லேசாக முனகினால் போதும். பக்கத்து அறையிலிருந்து முளைத்து வந்து, "கொஞ்சம் தள்ளிக்கங்க" என்று எல்லோரையும் விலக்கி, காகிதத் தட்டை இழுத்து அடித்து, மை டப்பாவைக் குலுக்கி, ஒயரைப் பிடுங்கி அதே ஓட்டையில் திரும்பச் செருகி, கடைசியில் நோயாளியின் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல நம்மைப் பார்ப்பார். கைராசி எப்படி? கேட்காதீர்கள். இவர் வைத்தியம் பார்த்தபிறகு இவருடைய மச்சான் வீட்டுப் பிரிண்டர் பேச்சையே நிறுத்திவிட்டது. மச்சானும்தான்.

எங்கள் பள்ளியில் இந்தப் பதவி அறிவியல் ஆசிரியரிடம் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

அன்று கணக்குத் தேர்வு. பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்தாயிற்று. வினாத்தாள்தான் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்து முதல் தேர்வு நடத்தும் கணக்கு டீச்சர், வீட்டுக் கம்ப்யூட்டரில் தயாரித்த கோப்பைப் பிரிண்டருக்கு அனுப்பினால், "இந்த வகை தெரியாது" என்று திரும்பி வந்துவிட்டது. டீச்சர் கூடத்தையும் பிரிண்டரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இதுக்கா பயப்படுறீங்க?" வைத்தியர் வந்துவிட்டார்.

"பிடிஎஃப்பா இருந்தாத்தான் எடுக்கும்போல சார். வீடு எதிர்த்தெருதான். ஓடிப்போய் மாத்திட்டு வந்துடுறேன்."

"எதுக்கு ஓடணும்? பேரை மாத்தினாப் போதும்."

கோப்பின் பெயருக்குப் பின்னால் வால்போல ஒட்டியிருந்த எழுத்துகளை அழித்தார். அங்கே பிடிஎஃப் என்று தட்டினார். "பாத்தீங்களா? இப்ப இது பிடிஎஃப்!"

பிரிண்டருக்கு வேலையை வரிசையாக அனுப்பிவைக்கும் மென்பொருள் அப்படி லேசில் ஏமாறுமா? அது வாலை மட்டும் நம்புவதில்லை. உள்ளே எட்டிப்பார்த்து முதல் சில எழுத்துகளைப் படிக்கும். அசல் பிடிஎஃப் என்றால் ஒரு சதவீதக் குறியும், ஒட்டினாற்போல் அந்த மூன்று ஆங்கில எழுத்தும் தலைப்பிலேயே நிற்கும். புகைப்படத்துக்கு வேறு தலைப்பு. இதில் எதுவும் இல்லை. திருப்பி அனுப்பியது.

வைத்தியருக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. எதையும் சோதிக்காமல் அப்படியே அனுப்பும் வழி ஒன்று எங்கோ ஒளிந்திருந்தது. தேடிப்பிடித்து அழுத்தினார். பிரிண்டர் கொஞ்சம் யோசித்தது. யோசிக்க விடுவாரா? மறுபடி அழுத்தினார். மறுபடியும்.

பாவம் பிரிண்டர். உள்ளே விழுந்ததையெல்லாம் எழுத்து என்று நம்பி அச்சடிக்க ஆரம்பித்தது. ஒரு தாளில் இரண்டே இரண்டு கேள்விக்குறி, அடுத்ததில் ஒரு கோணல் கோடு, அதற்கடுத்ததில் பூனை விசைப்பலகைமேல் நடந்துபோனதுபோல ஒரு வரி.

"சார், நிறுத்துங்க சார்!"

"சூடாகுது டீச்சர். முதல்ல அப்படித்தான் வரும்."

அப்படித்தான் வந்தது, பள்ளியில் இருந்த கடைசித் தாள் தீரும்வரை.

டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்குப் போனார். அவர் போட்ட கணக்குகள்தானே? மனதிலிருந்தே கரும்பலகையில் எழுத ஆரம்பித்தார். முதல் வரி கோணலாக விழுந்தது. மூன்றாவது கேள்விக்குள் கை நிதானப்பட்டுவிட்டது. கதவோரம் வந்து நின்ற தலைமையாசிரியை முழுதும் படித்துவிட்டு, "நல்ல கேள்விங்கம்மா. அந்த வீணாப்போன தாளையும் கொண்டுவரச் சொல்லுங்க. பின்பக்கம் கணக்குப் போட்டுப் பாக்க ஆகும்" என்றார். டீச்சர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

தாள்களைச் சுமந்துவந்து விநியோகித்தவர் யார்? வைத்தியரேதான். மதியம் ஆசிரியர் அறையில் அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்: "நல்லவேளை, ரஃப் ஷீட்டுக்கு நான் காலையிலயே ஏற்பாடு பண்ணிட்டேன்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அந்த இனமே இல்லை, அப்படித்தானே? திறக்காத படத்துக்குப் பெயரை மாற்றிப் பார்த்ததில்லை. அச்சு வராவிட்டால் அதே பொத்தானை நாலுமுறை அழுத்தியதில்லை. நம்புகிறேன். அது கிடக்கட்டும், எங்கள் வீட்டுப் பிரிண்டரும் இரண்டு நாளாக மக்கர் பண்ணுகிறது...

அடடா, அதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டீர்களே!