நிலுவையில் இருந்த ஒரே உத்தரவு

மந்தைவெளி,
சென்னை-28.
9-11-1974

கர்த்தருக்குள் அன்பான தம்பி பொன்னையாவுக்கு அண்ணன் வெள்ளைத்துரை வெகுநாள் யோசனைக்குப் பிறகு எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் மதினி தங்கபுஷ்பமும் அவளுடைய முழங்கால் வலியும் தேவகிருபையால் சேமமாக இருக்கிறோம். அவ்விடம் பாலவாக்கத்தில் நீயும் உன் வீட்டாரும் உன்னிடம் படிக்கிற பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

பொருள்: உன்னை மன்னிப்பது தொடர்பாக.
பார்வை: 19-4-65 ஈஸ்டர் திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்த வாய்த்தகராறு.

மிரண்டு போகாதே. முப்பத்து மூன்று வருஷம் சர்க்கார் ஆபீசில் குப்பை கொட்டியவனுக்குப் பொருளும் பார்வையும் போடாமல் பேனா நகராது. பார்வையில் கண்ட விஷயம் உனக்கும் மறந்திருக்காது. நம் அப்பா ஞானாபரணம் உபதேசியார் தெருத்தெருவாகப் போய் ஜனங்களை ஜெபத்துக்குக் கூப்பிட அடித்த பித்தளைக் கைமணி, அப்பாவை அடக்கம் பண்ணின பத்தே நாளில் காணாமல் போனதும், நான் "நீதாம்லே எடுத்திருப்ப" என்றதும், நீ "நான் எடுக்கலண்ணே" என்றதும், மதினி பரிமாறின ஆட்டுக்கறிக் குழம்பைத் தொடாமல் நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினதும் எனக்கு இன்றைக்கு நடந்ததுபோல் இருக்கிறது. ஒரு பஸ் தூரத்தில் இருக்கிற அண்ணனும் தம்பியும் ஒன்பது வருஷமாகப் பேசவில்லை. இப்போது நானாகவே எழுதுகிறேன் என்றால், அதற்கு நான் காரணமில்லை. எனக்கு மேலிடத்து உத்தரவு.

விவரமாகச் சொல்கிறேன். ஜூன் மாதக் கடைசியில் நான் ரிடையர் ஆனேன். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் தானியேல் தர்மராஜ், என் மகன் வயசுதான் இருக்கும் அவருக்கு, சபைக்கு முன்னால் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "இத்தனை வருஷம் பூலோக எஜமானுக்கு ஊழியம் செய்த நம் ஐயா, இனிமேல் பரலோக எஜமானுக்கு முழுநேரமும் ஊழியம் செய்வார்" என்று அறிவித்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். மற்றவர்கள் அதை ஒரு மரியாதைப் பேச்சு என்று எடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது, நான் நியமன உத்தரவு என்றே எடுத்துக்கொண்டேன். ஜூலை ஒன்றாம் தேதி காலை ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் குடை, டிபன் கேரியர், புதுசாகக் கோடு போட்ட வருகைப் பதிவேடு சகிதம் கோயில் வாசலில் நின்றேன். கையெழுத்துப் போட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். உத்தரவுக்குக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுநாளும் அப்படியே. ஒரு வாரம் பார்த்துவிட்டு, கோயிலைப் பெருக்குகிற மாசிலாமணி விளக்குமாற்றோடு வந்து, "இன்னா நைனா, ரிடையர் ஆனா ஊட்ல குந்திகினு ரேடியோ கேக்காம, டெய்லி வந்து கையெழுத்துப் போட்டுகினு கீறே?" என்றார். எஜமான் எப்போது கூப்பிடுவாரோ, வேலைக்காரன் தயாராக இருக்க வேண்டாமா என்றேன். "அப்போ கால தூக்கு, பெருக்கணும்" என்றார். தூக்கினேன். அதுதான் எனக்கு வந்த முதல் உத்தரவு. உன் மதினிக்குக் காய்ச்சல் என்று ஒருநாள் அரை நாள் லீவு கேட்டு, ஆண்டவருக்கு விலாசமிட்டுப் பீடத்தின் படியில் வைத்துவிட்டு வந்தேன். அதையும் மாசிலாமணி பெருக்கிவிட்டார். லீவு கிடைத்ததா இல்லையா என்பது இன்றுவரை தெரியாமல் அந்தக் கட்டத்தைப் பதிவேட்டில் காலியாகவே விட்டிருக்கிறேன்.

என் தொந்தரவு தாங்காமல் போதகரே எனக்கு வேலை கொடுக்க ஆரம்பித்தார். வியாதியஸ்தரைப் போய்ப் பாருங்கள் ஐயா என்றார். பாடகர் குழுவில் பாடுகிற அபரஞ்சி அம்மாள் மூன்று வாரமாகப் படுத்த படுக்கை. வெறுங்கையோடு போகலாமா? பதினான்கு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயார் செய்துகொண்டு போனேன். எட்டுக் கேள்வி வரை அந்த அம்மாள் பொறுமையாகவே பதில் சொன்னாள். ஒன்பதாவது, "இந்நோய்க்குத் தங்களுடைய கீழ்ப்படியாமை காரணமா? ஆம், இல்லை." படுக்கையை விட்டு எழுந்தாள் பார், அடேயப்பா! வாசல் வரைக்கும் என்னை விரட்டிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள். மூன்று வாரம் எழுந்திருக்காத மனுஷியை எழுந்து நடக்க வைத்தேன், அதற்கு ஒரு நன்றி உண்டா, கிடையாது. போதகர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "ஐயா, ஆட்களை விட்டுடுங்க, கோயில் தோட்டத்துச் செடிக்குத் தண்ணி ஊத்துங்க, அது போதும்" என்றார். ஊற்றினேன். ஐப்பசி பிறந்தது, அடைமழை பிடித்தது, அப்போதும் ஊற்றினேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் பூவாளி. எதிர்வீட்டுக் கோமளம் மாமி ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, "ஏன்னா, இங்க வந்து பாருங்கோளேன், அந்த ரிடையர்டு மாமா கொட்டற மழையில செடிக்கு ஜலம் விட்டுண்டிருக்கார்!" என்று ஊரைக் கூட்டிவிட்டாள். போதகர் நனைந்துகொண்டே ஓடிவந்தார். "ஐயா, மழை பெய்யும்போது நிறுத்தணும்னு உங்களுக்கே தோணலியா?" என்றார். தோன்றியது, ஆனால் ரத்து உத்தரவு வரவில்லையே என்றேன்.

அன்றைக்கு அந்தப் பிள்ளை என்னை உள்ளே கூட்டிப்போய்த் துவட்டத் துண்டு கொடுத்து, டீ வாங்கிவரச் சொல்லி, எதிரில் உட்கார்ந்தார். "ஐயா, நீங்க நல்லா வேலை செய்யறீங்க. கீழ்ப்படியறீங்களான்னுதான் எனக்குத் தெரியல. புது வேலை கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, எஜமான் ஏற்கெனவே கொடுத்த வேலை ஏதாவது பாக்கி இருக்கா?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என் மேஜையில் ஒருநாளும் பாக்கி வைத்தவன் இல்லை நான் என்றேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "பாலவாக்கத்துல உங்களுக்கு ஒரு தம்பி உண்டாமே?" என்றார். நான் துண்டை எடுத்து, காய்ந்த தலையை மறுபடியும் துவட்டினேன். காணிக்கை கொண்டுவருகிறவன் அதை அப்படியே வைத்துவிட்டு, முதலில் மனஸ்தாபப்பட்ட சகோதரனிடம் போகவேண்டும் என்பது ஆண்டவர் கட்டளைதானே ஐயா என்றார். எழுத்து மூலமாக உண்டா என்று கேட்டேன், வேறு என்ன கேட்பது! அவர் மேஜையில் இருந்த வேதபுத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். பதினைந்து நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்தப் பதினைந்து நாளும் இன்றோடு முடிகிறது. உள்ளதைச் சொல்கிறேன், இழுத்தடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் உங்கள் பக்கத்திலிருந்து வருகிற மீன்காரி, "வாத்தியாருக்குக் கண்ணு ஆபரேசன் பண்ணிக்கீது, ஒங்களுக்குத் தெரியாதா?" என்று உன் மதினியிடம் கேட்டிருக்கிறாள். டேய், என் கூடப்பிறந்தவன் கண்ணில் கத்தி வைத்த சேதி எனக்கு மீன்கூடையிலா வரவேண்டும்? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் மதினி, "இங்கேருங்க, ஒரு மணிக்காக எம்புட்டு நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டு இருப்பீங்க?" என்று அழுதாள். நானும் அழுதேன். அதை எங்கும் பதிவு செய்யவில்லை, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். உன் கண்ணுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்றுதான் எழுத்தைக் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கிறேன்.

ஆகையால், பார்வையில் கண்ட குற்றத்தை எஜமானுக்குக் கீழ்ப்படிந்து நான் முழுமனதோடு மன்னிக்கிறேன். மணியை நீயே வைத்துக்கொள். திருப்பித் தரவேண்டாம். "எடுத்தது நான்தான்" என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். கையெழுத்தும் தேதியும் அவசியம். அது வந்து சேர்ந்ததும் நீ குடும்பத்தோடு கிறிஸ்துமஸுக்கு வரலாம். அப்பாவை நடத்தின கர்த்தர் உன்னையும் உன் பிள்ளைகளையும் நடத்தி, உன் கண்ணுக்குத் தெளிவும் உன் நெஞ்சுக்கு உண்மையும் தருவாராக.

இப்படிக்கு,
மன்னிக்கும் மனமுள்ள அண்ணன்,
ஞா. வெள்ளைத்துரை.

பின்குறிப்பு: எந்தக் கடிதம் எழுதினாலும் நகல் எடுத்துக் கோப்பில் வைப்பது என் வழக்கம் அல்லவா, இதற்கும் எடுத்தேன். கோப்பு நிரம்பிவிட்டதால், அதைப் போட்டுவைக்க வெகு வருஷமாகத் திறக்காத டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பழுப்புக் காகிதம் சுற்றி, நூல் கட்டி, நாலு பக்கமும் அரக்கு வைத்த ஒரு பொட்டலம் கிடந்தது. மேலே சீட்டு: "அப்பாவின் கைமணி. யாரும் எடுத்துவிடக் கூடாது. பத்திரம். ஞா.வெ., 12-4-65." என் கையெழுத்து. என் அரக்கு. உன்னைத் திருடன் என்று சொன்னதற்கு ஏழு நாள் முந்தின தேதி. உன் மதினி சீட்டை வாங்கி இரண்டு தடவை வாசித்தாள். பிறகு, "எழும்புங்க, விடியக்காலையில ஆட்டுக்கறி வாங்கணும்" என்றாள்.

மேலே "மன்னிக்கிறேன்" என்று வருகிற இடத்திலெல்லாம் "மன்னித்துவிடு" என்று திருத்தி வாசித்துக்கொள். உன் கையெழுத்து வேண்டாம், என் கையெழுத்தே போதுமான சாட்சி. இந்தக் கடிதம் தபாலில் வராது. நாளை ஞாயிறு ஆராதனைக்கு வரமாட்டேன் என்று போதகருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். உன் முன்னால் எனக்கு வாய் வராது என்பதால் கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு மணியோடு வாசலிலேயே நிற்பேன். நீ இந்த வரிக்கு வரும்போதும் அங்கேதான் நின்றுகொண்டிருப்பேன். போ என்று சொன்னாலும் போகமாட்டேன், எனக்கு உத்தரவு போட்டவர் வேறு. பக்கத்தில் குழம்புத் தூக்கோடு நிற்பது உன் மதினி. அவளுக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க வைத்துவிடாதே.