'பாஸ்ட் இஸ் பாஸ்ட்' அண்ணாத்தேயின் அறை

பூமியில் பிறந்தவர்களிலேயே ஞாபகசக்தி என்பது துளிகூட இல்லாதவர் எங்கள் 'பாஸ்ட் இஸ் பாஸ்ட்' அண்ணாத்தேதான் என்று முட்டாள்தனமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் நான் பட்டாபிராமில் ரூம் எடுத்து, அம்பத்தூர் கம்பெனிக்கு ரயிலில் போய்வந்த பிரம்மச்சாரி. அவர் அதே கம்பெனியில் வெல்டர். யாராவது காலில் இரும்புச் சட்டத்தைப் போட்டுவிட்டால்கூட, நசுங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு "பாஸ்ட் இஸ் பாஸ்ட், நைனா" என்பார். நடந்தது நடந்ததுதான் என்று அர்த்தம்; அவருக்குத் தெரிந்த மொத்த இங்கிலீஷும் அதுதான். இரவல் வாங்கிய அவர் குடையை நான் ரயிலில் விட்டுவிட்டு வந்தபோதும் அதையேதான் சொன்னார், சொட்டச் சொட்ட நனைந்தபடி.

மதியச் சாப்பாடு கொண்டுவர மாட்டார். கேன்டீன் பன்தான்.

"இன்னா அண்ணாத்தே, ஊட்ல சமையல் ஸ்டிரைக்கா?" என்றேன் ஒருநாள்.

பன்னை டீயில் முக்கியபடி, "பாஸ்ட் இஸ் பாஸ்ட்" என்றார். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லையே என்று விழுந்து விழுந்து சிரித்தேன்.

பட்டாபிராம் ஸ்டேஷனில் நாங்கள் எல்லோரும் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வண்டியைப் பிடிப்போம். படியேறிப் பாலத்தில் சுற்றிப் போவது அவர் ஒருவர்தான். அவர் மூச்சிரைக்க இறங்கும்போது வண்டி கிளம்பியிருக்கும். வாசலில் தொங்கிக்கொண்டு டாட்டா காட்டுவோம்.

அன்று காலை தண்டவாளத்தில் குதிக்கப் போனேன். யாரோ பின்னாலிருந்து காலரைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால், பளார்! கண்ணில் பூச்சி பறந்தது. அண்ணாத்தே!

அடப்பாவி, இந்த ஆசாமி எதையும் மறக்கவில்லை! எல்லாவற்றையும் சேர்த்துவைத்திருக்கிறார்! இது குடைக்கு. அடுத்தது ஸ்டிரைக்குக்கு. டாட்டாவுக்கு எங்கே அடிப்பாரோ? இருக்கிற இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டேன்.

"அண்ணாத்தே, பாஸ்ட் இஸ் பாஸ்ட்! புதுக் குடையே வாங்கித் தந்துடறேன்!"

"எந்தக் குடைடா?" என்றார். "படியேறிப் போடா."

"வண்டியே வர்லியே அண்ணாத்தே!"

"அவளும் வர்லன்னுதான்டா நெனச்சா."

பிடித்த காலரை விடாமலே பாலத்தில் ஏற்றினார். கீழே எங்கள் வண்டி வந்தது, போனது. இன்றுவரை எந்த ஸ்டேஷனிலும் நான் படியேறித்தான் போகிறேன். அந்தக் கை இன்னும் என் காலரிலேயே இருக்கிறது; இருக்கட்டும்.

சாயங்காலம் ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார். நான் பட்டாபிராமுக்கு வருவதற்கு முன்பு ஒருநாள், அண்ணாத்தே மறந்துவிட்டுப் போன டிபன் டப்பாவைக் கொடுக்க அவர் சம்சாரம் தண்டவாளத்தின் குறுக்கே ஓடிவந்திருக்கிறார். அந்த இடத்தில்தான் ரயில் மோதியது.