பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேலே பார்ப்பவர்

நம் ஊர்ப்பக்கம் ஒரு மனித வகை பெருகி வருகிறது: மேல்வளி நிபுணர். கல்முனைச் சந்தையிலும் பாலமுனைக் கடற்கரையிலும் இவரை நீங்கள் சந்தித்தே இருப்பீர்கள். இடது கையில் போன், வலது கைச் சுட்டுவிரல் வானத்தை நோக்கி. கண் மட்டும் ஒருபோதும் வானத்தில் இராது. உங்கள் காய்ச்சலுக்கும், வலையில் மீன் படாததற்கும், பள்ளிவாசல் மின்விசிறி சுற்றாததற்கும் பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேலேதான் காரணம் வைத்திருப்பார். அதற்குக் கீழே நடப்பதெல்லாம் இவருக்குச் சில்லறை.

சம்மாந்துறையில் போன் கடை வைத்திருக்கும் றாஸிக் அந்த வகையில் முதல் தரம்.

போன மாசியில் அதே ஊர் நதீரா, நெல் ஆலைக்கு முன்னால் வீதியோரம் படங்கு விரித்து ஈரநெல்லைக் காயப்போட்டிருந்தாள். இரண்டு ஏக்கர் விளைச்சல்; அந்த வீட்டின் வருடச் சோறு. நனைந்தால் முளை கட்டிவிடும். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்த நேரம், கடல் பக்கம் வானம் கறுத்தது. புருஷன் வயலில். பதறிப்போய்த் தனியாகவே நெல்லைக் கூட்டத் தொடங்கினாள்.

அப்போதுதான் றாஸிக்கின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"என்ன புள்ள, எதுக்கு அள்ளுறாய்?"

"மழ வருகுது காக்கா!" எங்கள் ஊரில் அண்ணன்மார் எல்லோரும் காக்காதான்.

"வராது. இந்தா, படத்தப் பாரு. வடக்கால இருந்து, பன்னிரண்டு கிலோமீற்றருக்கு மேல இரிக்கிற படைமண்டலத்துக் காத்து நாக்கு மாதிரி நீண்டு வந்து நம்மட மேல்வளிக்குள்ள பூந்திரிக்கி. அதுல ஓசோன் கூட, ஈரம் குறைய. காஞ்ச காத்து. மூணு நாளைக்கு ஒரு சொட்டு விழாது."

நதீரா படத்தைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். பிறகு காக்காவின் இரண்டு கைகளைப் பார்த்தாள்.

"அப்பிடியா காக்கா? அந்தக் காத்து இஞ்ச வந்த கதையச் சொல்லுங்களன். இந்தச் சாக்கு வாய மட்டும் கொஞ்சம் புடிச்சிக்கிட்டு."

கேட்க ஆள் கிடைத்தால் நிபுணர் எதைத்தான் பிடிக்க மாட்டார்? போன் சட்டைப்பைக்குள் போனது. மேலைக்காற்று வளைந்து நெளிந்து கடலலை போல முறிவதை விளக்கும்போது ஒன்பது சாக்கு நிறைந்தது. ஓசோன் வந்தபோது பதினேழு. "பிறகு?" என்று நதீரா கேட்கக் கேட்க, றாஸிக் வியர்த்து விறுவிறுத்துச் சாக்குகளை ஆலைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டே பேசினார். கடைசிச் சாக்கு உள்ளே போனது, மழை கொட்டியது.

ஆலைக்காரர் பக்கீர் முகைதீன் எட்டிப் பார்த்தார். "மழ வராதெண்டாய், றாஸிக்?"

றாஸிக் அசரவில்லை. முகத்து நீரை வழித்துவிட்டு, "நான் சொன்னது சரிதான். அந்தக் காத்து நாக்குக்குள்ளதான் காஞ்சிரிக்கும். அதுட முன் விளிம்புல காத்து மேல எழும்பி மழ ஊத்தும். நாம நிக்கிறது விளிம்புல" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், அது உண்மையும்கூட. மழைக்குப் பிறகு இவர்கள் சொல்வது எப்போதுமே உண்மை!

நதீரா வாய்விட்டுச் சிரித்தாள். நெல்லில் ஒரு மணி நனையவில்லை. "காக்கா இல்லாட்டி இண்டைக்கு என்ட நெல்லு போயிரிக்கும்" என்று சூடாக ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தாள். றாஸிக் அதைத் தன் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டு உறிஞ்சினார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. இப்போது வெளியே வெயிலா, மூட்டமா?

ஜன்னல் பக்கம் திரும்பினீர்களென்றால் தப்பித்தீர்கள். கை போனைத் தேடியதா? அப்படியானால், வாங்க காக்கா, இந்தச் சாக்கைக் கொஞ்சம் பிடியுங்கள்.