மோடம் அக்கா இழுத்த கேபிள்

இடி இடிக்கும்போது கொடியில் காயும் துணியை எடுக்க ஓடாத ஒரே பெண், குமரி மாவட்டத்தில் மோடம் அக்காவாகத்தான் இருப்பார். மேற்கே கறுத்து முதல் உறுமல் கேட்டதும் தெருவிலுள்ள மற்ற பெண்கள் முற்றத்தில் காயப்போட்ட மிளகை அள்ள வெளியே ஓடுவார்கள். அக்கா எதிர்த்திசையில் வீட்டுக்குள் ஓடுவார். டெலிபோன் வயரைப் பிடுங்கி, மோடத்தைப் பிடுங்கி, கம்ப்யூட்டர் பிளக்குகள் அத்தனையையும் பிடுங்கிவிட்டு மூச்சு வாங்க வெளியே வரும்போது அவர் வீட்டு மிளகு ஓடைத் தண்ணீரில் கருங்கல் ஊர்ப் பக்கமாகப் பயணம் கிளம்பியிருக்கும்.

"மிளகு அடுத்த வருஷமும் காய்க்கும் மக்கா. மோடம் காய்க்குமா?" என்பார்.

மார்த்தாண்டத்தில் ஒரு கூட்டுறவு சங்கத்தில் எனக்கு வேலை. அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தேன். நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். அந்த ஊர்ப் பேச்சில் வீடு பெருக்கச் சொல்வதுகூட எனக்குப் பாட்டாகக் கேட்ட காலம். தெருவில் யாருக்கும் அக்காவின் சொந்தப் பெயர் ஞாபகமில்லை. அந்தப் பெயருக்குத் தபால் வந்தால் தபால்காரரே கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ, மோடத்துக்கா?" என்றுதான் கொண்டுவந்து தருவார்.

முதல் கம்ப்யூட்டர் அவருக்காக வாங்கியது இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளுக்காக வாங்கியது. அவள் நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போனாள். கம்ப்யூட்டர் இங்கேயே தங்கிவிட்டது. துடைத்து வைக்கலாமென்று அதன் பக்கத்துத் தகரத்தைக் கழற்றிய அக்கா, உள்ளே பார்த்தவர், மூடவேயில்லை. நான் குடிபோனபோதும் அது திறந்துதான் கிடந்தது. அதற்குள் பிரவுசிங் சென்டர்கள் மூடும் இடமெல்லாம் போய், செத்துப்போன கம்ப்யூட்டர்களை ஆட்டோவில் ஏற்றிவந்து உயிர்கொடுக்க ஆரம்பித்திருந்தார். வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் மோடத்தின் முகத்துக்கு நேராகச் சுற்றும். சாப்பிட உட்கார்ந்தவர்கள் வாழையிலையால் விசிறிக்கொள்ள வேண்டியதுதான்.

நெட்வொர்க் கேபிளின் நுனியில் உள்ள எட்டுக் கம்பிகளை வரிசை மாறாமல் அடுக்கிக் கிளிப்பில் சொருகும் வேலையை அக்கா சீரியல் பார்த்துக்கொண்டே செய்வார். "வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம்..." என்று உதடு முணுமுணுக்கும். பிறகு அது பழக்கமாகவே ஆகிவிட்டது. எங்கே பயம் வந்தாலும் அதைத்தான் சொல்வார். ஒருமுறை மாதாகோவில் பெண்கள் பேச்சிப்பாறைக்கு வேன் பிடித்துப் போனார்கள். மலை வளைவில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றதும் எல்லோரும் ஜெபமாலையைக் கையில் எடுத்தார்களாம். அக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கம்பி நிறங்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். அணைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு மற்றவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள். அக்கா எதிர் மலையில் இருந்த டவரைப் பார்த்தார்.

பழைய சாமான் வாங்க அடிக்கடி திருவனந்தபுரம் போவார். ஒருமுறை திரும்பும்போது களியக்காவிளை எல்லையில் பஸ்ஸைச் சோதனை போட்ட காவலர், அக்காவின் பையில் வயரும் விளக்கும் ஆணியுமாக ஒரு பெட்டியைப் பார்த்துத் திடுக்கிட்டு, இது என்ன என்று கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. அக்கா விளக்க ஆரம்பித்தார். இந்த ஓட்டையில் வருவது அந்த ஓட்டையில் எப்படிப் போகிறது, எது யாருக்கு என்று பெட்டிக்கு எப்படித் தெரிகிறது என்று சொல்லச் சொல்லப் பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஹாரன் அடித்தன. கடைசியில் டிரைவரிடம் பஸ்ஸை எடுக்கச் சொல்லிக் கெஞ்சியவர் அந்தக் காவலர்தான் என்று அக்காவே சொல்லியிருக்கிறார், கொஞ்சம் வருத்தத்தோடு. பாதிதான் சொல்லி முடித்திருந்தாராம்.

எனக்கு நேரடியாக நஷ்டம் வந்தது புட்டு விஷயத்தில். அந்த வீட்டின் கல்சுவர் தடிமன். அடுக்களை பின்கட்டில் தனியாக இருந்தது. வைஃபை அங்கே எட்டவில்லை. நீளமான குழாய் ஒன்றில் கருவியைப் பொருத்தினால் சிக்னல் தூரம் போகும் என்று அக்கா எங்கேயோ படித்துவிட்டார். வீட்டில் இருந்த நீளமான குழாய் புட்டுக்குழல். அதன் இடுப்பில் ஒரு ஓட்டை போட்டார். குழல் ஒல்லியாக இருந்ததால் சிக்னல் வரவில்லை. அடுத்த நாள் அதிலேயே புட்டு அவித்தார். ஆவி முழுவதும் இடுப்பு வழியாகப் போனது. மேல்பாதி மாவு, கீழ்பாதி களி. காலைச் சாப்பாடும் சேர்த்துத்தான் எனக்கு வாடகை. பிறகு பெரிய பால்பவுடர் டின் ஒன்றில் முயற்சி செய்து ஜெயித்துவிட்டார். புட்டுக்குழல் மட்டும் கடைசிவரை மாற்றப்படவில்லை. ஓட்டையைக் கோதுமை மாவு வைத்து அடைப்பார்.

இத்தனையும் பொழுதுபோக்கு என்று நான் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கீழே இறங்கியபோதுதான் விளங்கியது.

அக்காவின் கணவரைத் தெருவில் குவைத்தண்ணன் என்பார்கள். அங்கே ஏசி மெக்கானிக். கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் போனவர், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாத லீவில் வந்து போவார். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று மதியத்துக்குமேல் அக்கா தலைவாரிப் பூவைத்துக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். திரையில் அண்ணன் முகம் கட்டம் கட்டமாக வரும். ஒரு கட்டத்தில் மூக்கு நின்றுபோகும், வாய் மட்டும் பேசும். "இப்பம் கேக்குதா? இப்பம்?" என்று அக்கா கேபிளை அசைப்பார். அந்தக் குரல் விட்டுவிட்டு வருவதைத் தாங்க முடியாமல்தான் ஒவ்வொரு கருவியாக வாங்கிச் சேர்த்திருக்கிறார். இந்தப் பக்கம் சரியானதும், குறை அந்தப் பக்கம்தான் என்று கண்டுபிடித்து அண்ணனுக்கு ஃபோனிலேயே சொல்லிக்கொடுத்து அவர் அறையிலும் கேபிள் இழுக்கவைத்தார். விளைவு, அந்த அறையில் இருந்த மலையாளிகள், ஆந்திராக்காரர்கள் எல்லோரும் கோளாறு என்றால் அக்காவைத்தான் கூப்பிட்டார்கள். அடுப்பில் மீன்குழம்பைக் கிளறிக்கொண்டே குவைத்தில் ஒரு தெலுங்குக்காரரை அக்கா கட்டிலுக்கடியில் தவழவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படி வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் பேசாத விஷயமில்லை. மகள் படிப்பு, மேற்குப்பக்கத்துச் சுவர், யாரோ ஒருவரின் மூட்டுவலி. சிரிப்புச் சத்தம் மாடிவரை வரும்.

பிறகு ஒரு வருஷம் அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டார். பெரிய பெரிய அட்டைப்பெட்டிகள் இறங்கின. தெருவே வந்து பார்த்தது. அதன்பிறகு அந்த வீட்டில் சத்தமே இல்லை.

சண்டை எதுவும் இல்லை. அண்ணன் முன்னறையில் நாற்காலியில் இருப்பார். அக்கா பின்கட்டில் அடுக்களையில் இருப்பார். நேரத்துக்குச் சாப்பாடு வரும். "இன்னும் கொஞ்சம் சோறு?" "போதும்." அவ்வளவுதான். அண்ணனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் எந்த அலமாரியில் என்று தெரியாது. கேட்கக் கூச்சம். வெறும் கையோடு திரும்பிவந்து உட்கார்ந்துவிடுவார். வெள்ளிக்கிழமை வந்தால் இருவரும் கொஞ்சம் நிலைகொள்ளாமல் நடமாடுவார்கள்.

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் மாடிக்கு வந்து என்னோடு நின்றார். தென்னையைப் பார்த்தபடி சொன்னார். "அங்க இருந்தப்பம் எல்லாம் பேசுவேன் தம்பி. இஞ்ச வந்து அவ முகத்தப் பாத்தா ஒண்ணும் வரமாட்டேங்குது." மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜெண்டைப் பார்த்திருப்பதாகவும், கத்தாருக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும் சொன்னார்.

ஏஜெண்டுக்குப் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டும். வீட்டில் ஸ்கேன் செய்யத் தெரிந்தது ஒருவருக்குத்தான். அண்ணன் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்து, காரணம் சொல்லாமல், ஒரு காப்பி வேண்டுமென்றார். அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்கேன் செய்தார், கணவர் பெயர் போட்ட ஃபோல்டரில் சேமித்தார், பாஸ்போர்ட்டைத் துடைத்துத் திருப்பிக்கொடுத்தார். பிறகு மோட்டார் ரூமுக்குள் போய்ப் பெரிய கேபிள் சுருளை எடுத்துவந்தார்.

அன்று முழுவதும் கேபிள் இழுத்தார். முன்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அடுக்களையில் அரிசிப் பானைமேல் இன்னொன்று. நடுவே வீட்டின் நீளத்துக்கு நீலக் கேபிள், நிலைப்படிகளில் தொங்கிக்கொண்டு. இன்டர்நெட் தேவையில்லை, வீட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பேசுகிற மாதிரி ஏற்பாடு. அண்ணன் காலை மட்டும் தூக்கிக்கொண்டு நாற்காலியிலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் முன்னறைக் கம்ப்யூட்டர் மணி அடித்தது. நான் மாடிப்படியில் இருந்தேன். அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். மறுபடி மணி. எழுந்துபோய், குவைத்தில் செய்து பழகியபடி, ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொண்டார். திரையில் அக்கா. தலைவாரி, பூ வைத்து.

"கேக்குதா?" என்றார் அக்கா.

"கேக்குது" என்றார் அண்ணன். "நல்ல தெளிவா கேக்குது."

கேட்காமல் இருக்குமா. நடுவே இரண்டு அறைதான். அடுக்களையிலிருந்து வந்த அசல் குரல் எனக்கு முதலில் கேட்டது, அதே வார்த்தை ஹெட்போனிலிருந்து கசிந்து மறுபடி கேட்டது.

"போணும்னா போங்க" என்றார் அக்கா. "நான் தடுக்கல்ல. ஆனா ஏன் போறியன்னு, அங்க இருந்து எங்கிட்ட எல்லாம் சொல்லுவியளே, அதே மாதிரி இப்பம் சொல்லுங்க."

அண்ணன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டார். பிறகு பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. இந்த வீட்டில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்றார். எது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை, கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி போவதற்கு மறந்துபோய் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். நான் இல்லாமலே நீ எல்லாம் சரியாக நடத்திவிட்டாய், நான் எதற்கு என்றார். குரல் உடைந்தது. அது நெட்வொர்க் கோளாறு இல்லை.

அக்கா மூக்கை உறிஞ்சும் ஒலி இரண்டு வழியாகவும் வந்தது. அப்புறம் சொன்னார். "நாளையிலருந்து இன்வெர்ட்டருக்குத் தண்ணி ஊத்துத வேலை உங்களுக்காக்கும். எனக்குக் குனிஞ்சா இடுப்பு வலிக்குது. டம்ளர் ஜன்னலுக்குக் கீழ உள்ள அலமாரியில இருக்கு."

அண்ணன் சிரித்துவிட்டார். நான் சத்தமில்லாமல் மேலே ஏறிப் போய்விட்டேன். அதற்குமேல் அங்கே நிற்பது மரியாதை இல்லை.

ஏஜெண்டுக்கு அந்த ஸ்கேன் போகவே இல்லை. ஆனால் நேருக்கு நேர் பேச்சு வந்துவிட்டதா என்றால், இல்லை. தினமும் சாயங்காலம் மணி அடிக்கும். அவர் முன்னறையில், இவர் அடுக்களையில், இருவர் தலையிலும் ஹெட்போன். தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் என்னிடம், பக்கத்தில் இருக்கும் பெண்டாட்டியிடம் பேசாமல் இருப்பதற்கே தான் இத்தனை வருஷம் பாடுபட்டிருப்பதாகவும், கேபிள் போட்டுப் பேசுகிறவர்களை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார்.

அது முடிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஏசி மெக்கானிக்கின் கண்ணுக்குத் தொங்கும் வயர் ஆகாது. அக்கா பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணன் வீட்டில் இருந்த அத்தனை கேபிள்களையும் அளந்து, வெட்டி, சுவரோரமாகப் பிளாஸ்டிக் பட்டைக்குள் அடக்கி, நூல் பிடித்த மாதிரி அடித்துவைத்தார். பார்க்க ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. எதுவும் வேலை செய்யவில்லை.

கோவிலிலிருந்து வந்த அக்கா வாசலில் நின்று பார்த்தார். அடுத்து வந்த சத்தத்தில் நான் சவரம் செய்துகொண்டிருந்த கத்தி கன்னத்தில் இறங்கிவிட்டது. எந்தக் கேபிள் எதற்குப் போகிறது என்று தெரியாமல் வெட்டலாமா என்று அக்கா கத்தினார். வீடா இது, வலையில் மாட்டின சாளை மீன் மாதிரி எத்தனை நாளைக்குக் காலைத் தூக்கித் தூக்கி நடப்பது என்று அண்ணன் திருப்பிக் கத்தினார். புட்டுக்குழல், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்த லீவு, மகளுக்கு அம்மை போட்டிருந்தபோது அவர் வராதது எல்லாம் வரிசையாக வெளியே வந்தன. முகத்துக்கு முகம், ஒரு முழத் தூரத்தில், ஹெட்போன் இல்லாமல். நான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு இறங்கிவந்தபோது இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கம்பி நிறங்களைச் சொல்ல, அண்ணன் ஒவ்வொரு நுனியாகக் கிளிப்பில் சொருகிக்கொண்டிருந்தார். வாக்குவாதம் அப்போதும் நிற்கவில்லை. பச்சை எங்கே வரும் என்பதில் போய்க்கொண்டிருந்தது.

அதற்குப்பின் அந்த மணி அடித்து நான் கேட்கவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து பேச்சுத்தான். சில நாட்களில் அடுக்களைப் பக்கத்து ஜன்னலை நானே சாத்த வேண்டியதாயிற்று.

எனக்கு மாற்றல் வந்தபோது அக்கா ஒரு பழைய ரூட்டரைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார். கோளாறு என்றால் கண்டவனைக் கூப்பிட்டுக் காட்டாதே, எனக்கு ஒரு ஃபோன் போடு என்றார். இப்போது எங்கள் வீட்டுக்கு நெட் கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் கூப்பிட்ட அரைமணியில் வந்து நிற்கிறார்கள். இருந்தாலும் நான் முதலில் அவரைத்தான் கூப்பிடுகிறேன். எந்த விளக்கு எரிகிறது, எது மினுக்குகிறது என்று அக்கா கேட்பார், அவர் சொல்வது தப்பு என்று பின்னாலிருந்து அண்ணன் குரல் வரும், அப்புறம் அவர்கள் இருவரும் பேச நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நெட் ஒழுங்காக இருக்கிற நாட்களிலும் சில சமயம், போய்விட்டது என்று பொய் சொல்லிக் கூப்பிடுகிறேன்.